வாசகர் கேள்வி பதில்: சென்ட்ரல் பக்கத்துச் சிவப்புக் கட்டடம்

சென்ற இதழில் ரிப்பன் மாளிகை பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ரிப்பன் மாளிகைக்கு வந்ததைவிட அதிகம். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அந்த மண்டபத்துக்கே.

நான் தினமும் பார்க் ஸ்டேஷனில் இறங்கிக் கல்லூரிக்குப் போகிறேன். அந்தச் சிவப்புக் கட்டடத்தைச் சர்ச் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் எதற்காக அதைக் கட்டினார்கள்?
– ஒரு மாணவி, தாம்பரம்

கோபுரத்தைப் பார்த்தால் சர்ச் என்றுதான் தோன்றும், அதில் தவறில்லை. ஆனால் அது டவுன் ஹால். ஊர் மக்கள் கூடிப் பேசவும், பாட்டு, நாடகம் என்று பார்க்கவும் எழுந்த பொது மண்டபம். அப்புறம், 'வெள்ளைக்காரர்கள் கட்டினார்கள்' என்பதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.

1882 மார்ச்சில் சென்னையின் முக்கியஸ்தர்கள் ஜார்ஜ் டவுனில் இருக்கும் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, நமக்கென்று ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று பேசினார்கள். கவர்னருக்கு விருந்து மண்டபம் இருந்தது, இன்றைக்கு ராஜாஜி மண்டபம் என்று சொல்கிறோமே, அதுதான். அது அரசாங்கத்தின் இடம், அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும். ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கூட்டம் போட நினைத்தால் பள்ளிக்கூட மண்டபத்தையோ யாருடைய பெரிய வீட்டையோ தேட வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்க 12 பேர் கொண்ட குழு அமைத்து, சந்தா திரட்டினார்கள். சமஸ்தான ராஜாக்களும் கொடுத்தார்கள், ஊர்ப் பெரிய மனிதர்களும் கொடுத்தார்கள். 1883 டிசம்பர் 17ஆம் தேதி விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். (விஜயநகரம் என்றதும் ஹம்பியை நினைத்துவிட வேண்டாம், இது ஆந்திரத்தில் விசாகப்பட்டினம் பக்கத்தில் இருக்கும் சமஸ்தானம்.)

இடம் கொடுத்தது நகராட்சி. பீப்பிள்ஸ் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா அப்போது அங்கே இருந்தது. அதிலிருந்து 57 கிரவுண்டை 99 வருடக் குத்தகைக்கு ஒரு டிரஸ்டிடம் ஒப்படைத்தார்கள், வாடகை கிரவுண்டுக்கு 8 அணா, அதாவது அரை ரூபாய். மூன்று ஏக்கருக்கு மேல் வரும் நிலத்துக்கு வருடம் முப்பது ரூபாய்கூட இல்லை என்றால் கிட்டத்தட்ட சும்மா கொடுத்த மாதிரிதான். இந்தக் குத்தகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னொரு பதிலில் திரும்ப வரும்.

விக்டோரியா ராணியின் ஆட்சிக்கு 50 வருடம் நிறைந்த பொன்விழா 1887இல் வந்தது. அதையொட்டி அவர் பெயர் வைக்கப்பட்டது. ராணி ஒரு நாளும் இந்தியாவுக்கு வந்ததில்லை. பெயர்தான் அவருடையது. பணமும் உழைப்பும் இந்த ஊருடையவை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

அதன் கூரை கேரளக் கோயில் மாதிரி இருக்கிறதே, உண்மையா, என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா?
– கட்டடத் தொழிலில் இருக்கும் வாசகர், வில்லிவாக்கம்

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வரைபடம் போட்டவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம், சென்னை அரசாங்கத்தின் கட்டடக்கலை ஆலோசகராக இருந்தவர். திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியத்தைக் கட்டியவரும் அவர்தான், 1880இல் முடிந்த வேலை. அங்கே மலையாள நாட்டு மரக்கூரைகளைக் கவனித்தவர் அந்தச் சாயலைச் சென்னைக்கும் கொண்டுவந்தார். ஜி.பி.ஓ. என்கிற தலைமைத் தபால் நிலையக் கட்டடத்தையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், அதுவும் அவர் கைவண்ணம்தான், அதன் உச்சியிலும் இதே திருவிதாங்கூர்ச் சாயல் தெரியும். கீழே வளைவு வளைவாகத் தாழ்வாரம், பக்கவாட்டில் இத்தாலியப் பாணிக் கோபுரம், அதன் தலையில் கேரளக் கூரை. காகிதத்தில் படித்தால் ஒட்டாதது மாதிரி இருக்கும். நேரில் நின்று பார்த்தால் அந்தச் செங்கல் நிறம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றம் உட்பட அந்தக் காலச் சென்னையின் பெரிய சிவப்புக் கட்டடங்கள் பலவற்றின் ஒப்பந்தக்காரர் அவர். கணித மேதை ராமானுஜன் 1920இல் கடைசி நாட்களைக் கழித்தது சேத்துப்பட்டில் இவருக்குச் சொந்தமான ஒரு வீட்டில்தான். கட்டட வரலாற்றில் சிஷோம் பெயருக்குப் பக்கத்தில் செட்டியார் பெயரையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். படம் போட்டவரை மட்டும் நினைவில் வைத்து, சுவரை எழுப்பியவரை விட்டுவிடுகிறோம். தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாடகம் நடந்த இடம் என்கிறார்கள். எந்த மாதிரி நாடகம்? தெருக்கூத்தா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, காஞ்சிபுரம்

அம்மா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

1891ஆம் வருடம். பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு என்ற வழக்கறிஞர், தன் சரச வினோதினி சபையோடு வந்து சென்னையில் தெலுங்கு நாடகம் போட்டார். பார்க்கப் போனவர்களில் 18 வயது இளைஞர் ஒருவர் இருந்தார், பம்மல் சம்பந்தம். அதுவரை அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காதாம், இதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள் எல்லாம் வேஷம் கட்டி மேடையேறுவதைப் பார்த்ததும் அவருக்கு உள்ளுக்குள் ஏதோ திறந்துகொண்டது. அதே வருடம் ஜூலையில் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். தெலுங்கில் படித்தவர்கள் செய்வதைத் தமிழில் நாம் ஏன் செய்யக்கூடாது என்ற ரோஷம்தான் காரணம். நல்ல ரோஷம்.

அன்றைக்கு நிலைமை எப்படி என்றால், நாடகம் விடிய விடிய நடக்கும், கதைக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் பாட்டு வரும், நடிக்கிறவர்களைக் 'கூத்தாடி' என்று ஒதுக்கி வைப்பார்கள். அந்தக் கூத்தாடிகளிடம் இருந்த கலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், பாட்டிலும் தாளத்திலும் அவர்களுக்கு இருந்த பிடி இந்தப் படித்தவர்களுக்கு இருந்திருக்காது. ஆனால் சபா செய்தது வேறு வேலை. எழுதி வைத்த வசனம், ஒத்திகை, சில மணி நேரத்தில் முடிகிற காட்சிகள், வந்து உட்கார்ந்து பார்க்க ஒழுங்கான ஒரு மண்டபம். இதெல்லாம் சேர்ந்தபோது மேடையைப் பற்றி ஊர் பேசுகிற விதமே மாறியது. பின்னால் வக்கீலான சம்பந்த முதலியார் எழுதிய 'மனோகரா' 1895இல் மேடையேறியது, அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பல கம்பெனிகள் அதைப் போட்டுக்கொண்டே இருந்தன. ஷேக்ஸ்பியரையும் விடவில்லை. ஹாம்லெட் இவர் கையில் அமலாதித்யன் ஆனான், வெனிஸ் நகரத்து வணிகன் வாணிபுர வணிகன் ஆனான். பெண் வேடங்களை ஆண்களே போட்டார்கள். சம்பந்தத்துக்கு ஜோடியாகப் பல வருடம் கதாநாயகி வேடம் கட்டிய ரங்கவடிவேலுவும் வக்கீல்தான். பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராகப் புகழ்பெற்ற சத்தியமூர்த்தியும் இந்தச் சபாவில் நடித்தவர். சட்டசபையில் அவர் பேசிய பேச்சுக்குக் குரல் பழகிய இடங்களில் இந்த மேடையும் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

1902லிருந்து 1936 வரை சபா இந்த மண்டபத்திலேயே குடியிருந்தது. யோசித்துப் பாருங்கள், 34 வருடம். ஒத்திகை, நூல்கள், சீட்டாட்டம், அரட்டை, நாடகத்தன்று பெட்டி பெட்டியாக உடுப்பு, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. சம்பந்தமோ நடுவில் சிறு வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஜட்ஜாகவும் ஆகிவிட்டார், ஜட்ஜாக இருக்கிறவர் நாடக வேடம் கட்டுகிறாரே என்று ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கவில்லை. 1959இல் பத்மபூஷண் வாங்கி, 1964இல் தொண்ணூற்றொன்றாம் வயதில் காலமானார். தமிழ் நாடகத்தின் தந்தை என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி படிக்கிறோம். அந்த வரி நடந்த இடத்துக்கு ஒரு வகுப்பு மாணவர்களைக் கூட்டிப் போய்க் காட்டினால் எப்படி இருக்கும் என்று நீங்கள் வகுப்பெடுத்த காலத்தில் ஒரு தடவையாவது நினைத்திருப்பீர்கள்.

சென்னையில் முதல் சினிமா காட்டியது அங்கேதான் என்று தாத்தா சொல்வார். சரியா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

தாத்தா சொன்னது வீண்பேச்சில்லை. பாரிஸில் லூமியே சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பரில். மறு வருடம் ஜூலையில் பம்பாய்க்கு வந்துவிட்டது. 1896 டிசம்பரில் சென்னையில், இந்த மண்டபத்தில், சலனப்படக் காட்சி நடந்தது. மெட்ராஸ் போட்டோகிராபிக் ஸ்டோர் நடத்திய டி. ஸ்டீவன்சன் இங்கே படம் காட்டியவர்களில் ஒருவர். ஒவ்வொன்றும் நிமிடக் கணக்கில் ஓடும் துண்டுப் படங்கள், கதை கிடையாது, சத்தம் கிடையாது. அண்ணாசாலையில் எலெக்ட்ரிக் தியேட்டர் என்று சினிமாவுக்கென்றே ஒரு கட்டடம் வந்தது 1913இல்தான் (அதில் இப்போது தபால் தலை விற்கிறார்கள்). அதுவரை படம் காட்ட வருகிறவர்களுக்கு டவுன் ஹால் மாதிரியான இடங்களும் கூடாரங்களும்தான் கதி.

இதில் எனக்கு வருத்தம் தருகிற ஒன்று உண்டு. எந்த மண்டபம் சினிமாவுக்கு முதலில் கதவைத் திறந்ததோ, அந்த மண்டபத்தின் நாடகக் கூட்டத்தைப் பின்னால் அதே சினிமா பேசத் தொடங்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

விவேகானந்தர் அங்கே பேசினாரா, வெளியே பேசினாரா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

இரண்டும் நடந்தது. 1897 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது வரவேற்புப் பத்திரம் வாசிக்க ஏற்பாடு செய்தது இந்த மண்டபத்தில். ஆனால் உள்ளே இடம் கிடைக்காத ஜனங்கள் வெளியே நின்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால், வெளியே வந்து கோச் வண்டி மேல் ஏறி நின்று பேசினார். கிருஷ்ணன் தேரில் நின்று கீதை சொன்ன மாதிரி என்று அவரே அதைச் சொன்னார். மைக் இல்லாத காலம், அந்தக் கூட்டத்தின் இரைச்சலில் நீளமாகப் பேச முடியாமல் சுருக்கமாக முடித்துக்கொண்டார். அடுத்த சில நாட்களில் மண்டபத்துக்கு உள்ளேயே பேசியதுதான் 'எனது போர்முறை' என்று தமிழில் வந்திருக்கும் சொற்பொழிவு.

அவர் மட்டும் இல்லை. காந்தியும் கஸ்தூரிபாவும் வந்த இடம், கோகலே பேசிய இடம், நீதிக்கட்சியின் தொடக்க வரலாற்றைப் புரட்டினாலும் இந்தப் பெயர் வரும். பாடகி கௌஹர் ஜான் 1910இல் கச்சேரி செய்ததும் இங்கேதான். ராணி பெயரில் இருக்கும் மண்டபத்தில் ராணியின் ஆட்சியைக் கேள்வி கேட்கிறவர்கள் பேசியிருக்கிறார்கள், ஒருவர் கருத்துக்கு நேர் எதிரானவர் அடுத்த வாரம் அதே மேடையில் ஏறியிருக்கிறார். பொது மண்டபம் என்ற பெயருக்கு அர்த்தம் கொடுத்தது இதுதான்.

எழும்பூர் மியூசியத்துக்குள் இருப்பதும் விக்டோரியா ஹால் என்கிறார்களே?
– ஒரு வாசகி, சேலம்

அது விக்டோரியா மெமோரியல் ஹால், வேறு கட்டடம். ராணி 1901இல் இறந்த பிறகு நினைவாகக் கட்டியது, ஹென்றி இர்வின் வடிவமைப்பு, 1909இல் திறந்தார்கள். பின்னால் தேசியக் கலைக்கூடம் ஆனது. அதுவும் சிவப்பு, இதுவும் சிவப்பு, பெயரும் ஒன்று, குழப்பம் வராமல் எப்படி இருக்கும்.

நான் பிறந்ததிலிருந்து அது பூட்டித்தான் கிடந்தது. இவ்வளவு பெருமை உள்ள இடத்தை ஏன் அப்படி விட்டார்கள்? யார் மேல் தப்பு?
– ஆட்டோ ஓட்டும் வாசகர், பெரியமேடு

ஒரு ஆள் மேல் தப்பைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடிந்தால் எனக்கும் சுலபமாக இருக்கும்.

முதல் அடி 1936இல் விழுந்தது. சபா தன் சொந்த இடத்துக்கு மவுண்ட் ரோடு பக்கம் போய்விட்டது. தினமும் வந்து விளக்குப் போட்டு, ஒழுகினால் உடனே கவனித்து, எலி புகுந்தால் விரட்டி, சொந்த வீடு மாதிரிப் புழங்கிய ஆட்கள் போனார்கள். அதே சமயம் ஊரே தெற்குப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது, 1920களில் மாம்பலத்தில் தியாகராய நகர் உருவானது, பாட்டுக்கும் நாடகத்துக்கும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபாக்கள் வந்தன. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போனவர் திரும்பவும் சென்ட்ரல் நெரிசலுக்கு வந்து நாடகம் பார்ப்பாரா? வாடகை வருமானம் குறைந்தது, வருமானம் குறைந்ததால் பராமரிப்பு குறைந்தது, பராமரிப்பு இல்லாததால் வாடகைக்குக் கேட்கிறவர்களும் குறைந்தார்கள். வளாகத்தில் ஓட்டல், கடைகள் என்று வந்து சேர்ந்தன. பக்கத்திலே இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது, பழைய பீப்பிள்ஸ் பார்க் இருந்த சுவடே இல்லை.

அப்புறம் அந்தக் குத்தகை. 99 வருடம் என்பது 1880களில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு முடிவே இல்லாத காலமாகத் தோன்றியிருக்கும். 1980களில் முடிந்துவிட்டது. இடம் யாருக்கு என்று டிரஸ்டுக்கும் மாநகராட்சிக்கும் தகராறு, கோர்ட், வாய்தா. வழக்கில் இருக்கிற கட்டடத்துக்கு யாரும் பணம் போட மாட்டார்கள், மழை மட்டும் வாய்தா வாங்காமல் வருடா வருடம் வந்துகொண்டிருந்தது. செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டு மூச்சுவிடுகிற சுவர். வெடிப்பு விழுந்த இடத்தில் அவசரத்துக்குச் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் பொடிந்து உதிரும். பழைய கட்டடங்கள் பலவற்றை அக்கறையோடு செய்த சிமெண்டுப் பூச்சே கெடுத்திருக்கிறது. இதற்கு நடுவில் மெட்ரோ வேலை வந்து, சுற்றிலும் தகரம் அடித்து, சாலையில் போகிறவர்கள் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது.

மண்டபம் மாநகராட்சி கைக்கு வந்து, 2023இல் சிங்காரச் சென்னைத் திட்டத்தில் முப்பது கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. தாமதம்தான், ஆனாலும் இடிக்காமல் பழுதுபார்க்க முடிவெடுத்தார்களே, அதற்கு மனதார நன்றி சொல்கிறேன்.

எங்கள் கோவை டவுன் ஹாலும் இதே கதைதானா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் ஊர் கொடுத்து வைத்த ஊர். கோவை விக்டோரியா ஹாலும் ராணியின் பொன்விழா நினைவுதான், 1892இல் வந்தது. எஸ்.பி. நரசிம்மலு நாயுடு முன்னின்று எடுத்த முயற்சி. அது மாநகராட்சி மன்றக் கூட்டம் கூடும் இடமாக மாறியதால் பூட்டிப் போடுகிற நிலைமை வரவில்லை. பஸ்ஸில் ஏறி 'டவுன் ஹால் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்கிற அளவுக்கு அந்த வட்டாரத்துக்கே பெயர் ஒட்டிவிட்டது.

மதுரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன் அருகே விக்டோரியா எட்வர்டு மன்றம். ஒரு காலத்தில் அங்கே பகலில் வாசகசாலை, சாயங்காலம் ஆனால் அதே இடம் ரீகல் தியேட்டர், இங்கிலீஷ் படம் ஓடும். பகலில் பேப்பர் படிக்கிறவரும் இரவில் படம் பார்க்கிறவரும் ஒரே கூரையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு பொது மண்டபம் தன் செலவுக்குத் தானே சம்பாதித்துக்கொள்ள இதைவிட எளிமையான வழியை நான் பார்த்ததில்லை. சென்னையில் டிரஸ்ட் நடத்தியவர்களுக்கு இந்த யோசனை வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

புதுப்பித்த மண்டபத்தை மியூசியமாக ஆக்கிப் பத்திரமாகப் பாதுகாப்பதுதானே நல்லது?
– ஒரு வாசகி, அண்ணா நகர்

படங்களும் பழைய நாடக நோட்டீஸ்களும் வைக்க ஒரு பக்கம் ஒதுக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முழுக் கட்டடத்தையும் கண்ணாடிப் பெட்டி ஆக்கிவிடக் கூடாது. அந்த மேடை மறுபடியும் மிதிபட வேண்டும், நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்க வேண்டும். மேலேயும் கீழேயும் நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரக்கூடிய கூடங்கள் இருக்கின்றன. சின்ன நாடகக் குழுக்கள் ஒத்திகைக்கு இடம் கிடைக்காமல் மொட்டை மாடியிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் வசனம் சொல்லிப் பார்க்கிறார்கள். இப்போது கீழே மெட்ரோ, எதிரே பார்க் ஸ்டேஷன், பக்கத்தில் சென்ட்ரல். 1936இல் ஊர் தள்ளிப் போனதால் கூட்டம் குறைந்தது, இன்றைக்கு எந்த மூலையிலிருந்தும் ஒரே ரயிலில் வந்துவிடலாம்.

மாநகராட்சிக்கு என் வேண்டுகோள் இரண்டு. வாரத்தில் சில சாயங்காலங்களை அமெச்சூர் நாடகக் குழுக்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் அவர்களால் கொடுக்க முடிகிற வாடகைக்கு விடுங்கள். வாடகை எவ்வளவு, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை வாசலிலேயே தமிழில் எழுதிப் போடுங்கள், பெரியமேட்டு ஆட்டோக்காரர் சவாரிக்கு நடுவில் நின்று படிக்கிற மாதிரி.